எல்லாவற்றுக்கும் "கேஸ்டிக்" என்று பெயரா?

(தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையிலிருந்து)



நம் லயங்களில் நெஞ்சு எரிந்தாலும் "கேஸ்டிக்", வயிறு வலித்தாலும் "கேஸ்டிக்". மாரடைப்பு வந்தாலும் முதலில் அதே பெயர்தான். ஒரு இஞ்சி பிளேன்டீ, பாமசியில் வாங்கிய மாத்திரை, பிறகு படுக்கை.

நெஞ்செரிச்சல் என்பது வயிற்றிலுள்ள புளிப்பு உணவுக்குழாய்க்கு ஏறி வருவது. பட்டினி கிடப்பதால்தான் இது வருகிறது என்கிறோம். வயிறு முட்ட ரொட்டி சாப்பிட்டு, படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டி, குனிந்து புல்வெட்டினால் புளிப்பு மேலே வராமல் என்ன செய்யும்? இரவில் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அரை அடிக் கட்டை வையுங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். பால் குடித்தால் சற்று ஆறும், பிறகு புளிப்பு கூடும்.

வயிற்றுப் புண் வேறு. காரமும் கவலையும் புண்ணாக்கும் என்றுதான் முன்பு டொக்டர்மாரும் நம்பினார்கள். அவுஸ்திரேலிய டொக்டர் பெரி மார்ஷல் 1984இல் ஒரு கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சி வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கு மருந்து இருக்கிறது. கூடை சுமந்த முதுகுவலிக்கு அடிக்கடி விழுங்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளும் புண்ணாக்கும். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் இருதயத்தைப் பற்றித்தான். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தும், கை, தாடை, முதுகுக்குப் பரவும், குளிர்ந்து வியர்க்கும். மலை ஏறும்போது வந்து, நின்றால் குறைவதும் இருதயத்தின் அடையாளம். பெண்களுக்கும் சீனி வியாதிக்காரருக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், மூச்சிரைப்பும் ஓங்காளமுமாக வரலாம். ஏப்பம் விட்டதும் லேசானது என்பதை நம்பாதீர்கள். இ.சி.ஜி. எடுக்காமல் டொக்டராலேயே பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஒரு பேர் போய்விடுமே என்று விடியும்வரை பொறுப்பதும், தோட்ட லொறிக்குக் காத்திருப்பதும் வேண்டாம். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும் சொல்லுங்கள், ஒருவரை டோர்ச்சுடன் சந்திக்கு அனுப்புங்கள். வண்டி ஏறாத பாதையென்றால் நோயாளியை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள்.