கடல் கடக்கும் முன் கணக்குப் பார்ப்போம்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணலம் பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

வெள்ளாற்றின் முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திற்கும் இடையே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு பரந்து கிடக்கிறது. அதன் வடபுறத்தில் உள்ள பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றொரு பழம்பெயர் உண்டு. பாய்மரக் கப்பல்களின் காலத்திலேயே இத்துறைமுகத்திலிருந்து துணிப்பொதிகளுடன் மலாயா, அச்சே வரை சென்று நம் முன்னோர் வணிகம் செய்தனர். இன்றும் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒருவரையேனும் சஃபருக்கு அனுப்பாத குடும்பம் அரிது.

பொருள் தேடிப் பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடுமாறு அல்லாஹ் பணிக்கின்றான் (62:10). குறைஷிகளின் குளிர்கால, கோடைகாலப் பயணங்களைத் தன் அருட்கொடையாகவே நினைவூட்டுகின்றான் (106ஆம் அத்தியாயம்). ஆகவே, போகலாமா கூடாதா என்பதல்ல இன்றைய பேச்சு. எதை எண்ணிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதே பேச்சு.

சம்பளம் வேறு, மிச்சம் வேறு

விசா வந்தவுடன் நாம் செய்யும் முதல் காரியம் பெருக்கல். இத்தனை ரியால், இத்தனை திர்ஹம், அதை ரூபாயால் பெருக்கினால் இவ்வளவு என்று மகிழ்கிறோம். ஆனால் அங்கே வாடகையும் ரியாலில்தான், பள்ளிக் கட்டணமும் ரியாலில்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தும் ரியாலில்தான் என்பதை மறந்துவிடுகிறோம். வருமானத்தைப் பெருக்கிய நாம் செலவைப் பெருக்குவதில்லை.

இதற்கு நம் கண்முன் நடந்த ஒரு நிகழ்வே போதும். சவூதி அரேபியாவில் வெளிநாட்டவர் தம்முடன் வைத்திருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் 100 ரியால் உயர்ந்து, 2020 ஜூலையில் அது 400 ரியாலாயிற்று. 2018 ஜனவரியில் 5 சதவீதமாகத் தொடங்கிய மதிப்புக் கூட்டு வரியும் 2020 ஜூலையில் 15 சதவீதமாயிற்று.

மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கும் ஒருவரின் சம்பளம் 5,000 ரியால் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் சேர்த்து 2017இல் மாதம் 300 ரியாலாக இருந்த கட்டணம் 2020இல் 1,200 ரியாலாயிற்று. ஆண்டுக்கு 14,400 ரியால்! சம்பளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வாடகை கொடுக்கும் முன்னரே போய்விட்டது. இகாமா புதுப்பிக்கும்போது அதை முன்கூட்டியே செலுத்தவும் வேண்டும். அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்பின. அவர்கள் சோம்பேறிகளும் அல்லர், ஊதாரிகளும் அல்லர். அவர்கள் போட்டுவைத்த கணக்கில் மாறுதலுக்கு இடம் இருக்கவில்லை, அவ்வளவே.

ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்திற்கு வரி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆயினும் 2018 முதல் பொருள்களுக்கு 5 சதவீத வரி உண்டு. துபையில் வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்பட்டு, சில காசோலைகளாக முன்னதாகவே வாங்கப்படுகிறது. ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மின்சார, தண்ணீர் ரசீதோடு சேர்ந்து வருகிறது. முதல் மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணமின்றிக் குடும்பத்துடன் சென்று இறங்குபவர் கடனில்தான் கால் வைக்கிறார்.

கடனோடு ஏறும் கப்பல்

கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மாறுசெய்யவும் நேர்கிறது என்று விளக்கினார்கள் (நூல்: புகாரி). மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்து, ஏஜெண்ட் கேட்டதைக் கொடுத்துப் புறப்படுபவர் ஹராமைக் கொண்டு ஹலாலைத் தேடப் போகிறார். இதில் பரக்கத் எங்கிருந்து வரும்?

நம் நாட்டுச் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்கள் மட்டுமே ஆள் அனுப்பலாம். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியுமே. லட்சங்களில் கேட்பவர் யாராயினும், முதலில் அவரது பதிவை அரசின் இ-மைக்ரேட் தளத்திலோ சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலோ சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் சென்று வேலை தேடிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்க வழிசெய்யும் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவில் சேராமல் விமானம் ஏறாதீர்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகிறது (2:282). வேலை ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணி முடிவில் கிடைக்கும் தொகை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமாகக் கணக்கிடப்படுகிறது. மொத்தச் சம்பளத்தை உயர்த்திக் காட்டி அடிப்படையைக் குறைத்து எழுதினால், இழப்பு பல ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

ஹக்குகளின் கணக்கு

தன் பொறுப்பில் இருப்பவர்களைக் கைவிடுவதே ஒருவனுக்குப் பாவத்தால் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி உள்ளது (நூல்: அபூதாவூத்). பணம் அனுப்பிவிட்டால் ஹக்கு நிறைவேறிவிட்டதா? தனியே சென்றால் மனைவி, பிள்ளைகளின் ஹக்கு நிற்கிறது. குடும்பத்தோடு சென்றால் முதிய பெற்றோரின் ஹக்கு நிற்கிறது. இரவில் தாய்க்கு மூச்சுத் திணறினால் சிதம்பரம் மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார்? இக்கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். பயணம் வேதனையின் ஒரு பகுதி, தேவை முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புங்கள் என்பது பெருமானாரின் அறிவுரை (நூல்: புகாரி, முஸ்லிம்).

ஊரில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. ரியாலில் சம்பளம் வாங்குபவன் என்பதற்காக வீடு கட்ட, சீர் செய்ய, கைபேசி வாங்க என்று கேட்டுக்கொண்டே இராதீர்கள். எட்டுப் பேர் உறங்கும் அறையில் ஒரு கட்டில் இடத்தில் இருந்துகொண்டு, நலம் என்று தொலைபேசியில் சொல்பவரின் மானத்தைக் காப்பாற்றுங்கள். "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே அவரைப் பல பொய்களிலிருந்து காக்கும்.

திரும்பும் நாள்

வளைகுடாவில் வேலை முடிந்தால் தங்கும் உரிமையும் பெரும்பாலோருக்கு முடிந்துவிடும். 2020இல் கொரோனா பரவி வேலைகள் போனபோது, மே 7 அன்று தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் வெறுங்கையோடு வந்து இறங்கியவர்களை நாம் கண்டோம். செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைப் பஞ்சத்துக்குச் சேமித்து வைக்க வழிகாட்டிய யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு (12:47-48) நமக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே திரும்பி வரும் நாளுக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

மக்காவில் செல்வராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள் (நூல்: புகாரி). புதிய ஊரில் இறங்குபவர் முதலில் அறிய வேண்டியது அவ்வூரின் சந்தையை என்பது இதில் உள்ள பாடம்.

சகோதரர்களே! சுரபுன்னையின் வித்து தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடுகிறது. நீண்ட முளையாக வளர்ந்து பக்குவப்பட்ட பின்னரே நீரில் விழுகிறது. ஆகவேதான் சேறு கிடைத்த இடத்தில் வேரூன்ற அதனால் முடிகிறது. நாமும் ஊரில் இருக்கும்போதே ஆயத்தமாக வேண்டாமா?

இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். மனைவியையும் பெற்றோரையும் அருகில் அமர்த்துங்கள். நம்பிக்கையாளர் தம் காரியங்களை ஆலோசித்தே செய்வர் என்கிறது குர்ஆன் (42:38). அங்குள்ள செலவு, இங்குள்ள கடன், இருபக்க ஹக்குகள், திரும்பும் நாளுக்கான சேமிப்பு அனைத்தையும் எழுதுங்கள். மிஞ்சுவது என்னவென்று பாருங்கள். அங்கு சென்று வந்த ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். பின்னர் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிவழி (நூல்: திர்மிதி). கணக்கு இடம் கொடுத்தால் பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள். இடம் கொடுக்காவிட்டால் ஊரிலேயே உழைப்பதில் எந்த இழிவும் இல்லை. ரிஸ்க் அளிப்பவன் அங்கும் இங்கும் ஒருவனே.

நாளை எதைச் சம்பாதிப்போம், எந்த மண்ணில் மரணிப்போம் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது (31:34). கடல் கடந்து வாழும் நம் சகோதரர்களின் உழைப்பில் வல்ல ரஹ்மான் பரக்கத் செய்வானாக! அவர்களைக் கடனிலிருந்தும் தனிமையிலிருந்தும் காத்து, ஈமானோடும் நலத்தோடும் குடும்பத்தாரிடம் சேர்ப்பானாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.