ஜீப்பின் அடியில் கேட்ட சத்தம்

(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனை சார்பில் ஆற்றப்பட்ட உரை)



புதிய கட்டடம் திறந்த நாளிலும், புதிய கருவி வந்த நாளிலும் உங்கள் முன் நின்று பேசியிருக்கிறோம். இன்று பேச வந்திருப்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்புத் துண்டைப் பற்றி. கூட்டல் குறி போன்ற வடிவம் உடையது. பட்டறைக்காரர்கள் அதைக் ‘கிராஸ்’ என்பார்கள். எங்கள் பழைய மகிந்திரா ஜீப்பின் அடியில் இப்படி நான்கு இருக்கின்றன. அவற்றுள் ஒன்று தேய்ந்துபோனது தெரிந்தும் நாங்கள் பல வாரங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். அதனால் நேர்ந்ததை உங்களிடம் மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை. அந்த ஜீப் ஓடுவது நீங்கள் அனுப்பும் பணத்தில்தான்.

வலங்கைமான், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பட்டாசுக்கும் பங்குனி மாதத்துப் பாடைக் காவடிக்கும் பெயர் பெற்றது. பேருந்து வசதி உண்டு. 2008 முதல் 108 ஆம்புலன்ஸும் உண்டு. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அப்படியிருக்க, நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் உங்களுக்கு எதற்கு என்று சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் எங்களோடு வந்து பாருங்கள். தார்ச்சாலையை விட்டு வாய்க்கால் கரையில் இறங்கியதும் களிமண் டயரை அப்பிக்கொள்ளும். பின்சக்கரம் மட்டும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தால் மெல்ல ஊர்ந்து கரையேறிவிடும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நூறாண்டுகளுக்கு முன் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டார் காரிலும் போய்ச் சாலையோர மருந்தகம் நடத்தியது உங்களுக்குத் தெரியும். நாங்கள் செய்வதும் அதே வேலைதான். மருந்துப் பெட்டியும் எடைத் தராசும் இரத்த அழுத்தக் கருவியும் ஏற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை உட்கிராமங்களுக்குப் போகிறோம்.

இனி அந்தக் கிராஸின் வேலையைச் சொல்கிறோம். ஜீப்பின் என்ஜினும் கியர்பெட்டியும் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை, அவை அசையாது. சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலோ ஸ்பிரிங் பட்டைகளின்மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அசையாத இடத்திலிருந்து அசைகிற இடத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் என்கிற நீண்ட குழாய். அது வளையாது. ஆகவே அதன் இரு முனையிலும் மணிக்கட்டுப் போல மடங்கும் ஒரு மூட்டு வேண்டும். அதுதான் யுனிவர்சல் ஜாயிண்ட். பின்சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட், முன்சக்கரத்துக்கு ஒன்று. ஆக நான்கு மூட்டுகள்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இந்த மூட்டை விளக்கி எழுதினார். மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அதை அமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டத் தொடங்கியபோதும் அடியில் இருந்தது இதே ஏற்பாடுதான்.

கிராஸுக்கு நான்கு கால்கள். ஒவ்வொரு காலின்மேலும் ஒரு சிறு கிண்ணம்; அதைக் ‘கப்’ என்பார்கள். கப்பின் உள்ளே ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வட்டமாக நிற்கும். கிரீஸ் இருக்கும்வரை அவை வழுக்கிச் சுழலும். சேற்றுநீர் புகுந்து கிரீஸ் போய்விட்டால் ஊசிகள் துருப்பிடித்துத் தூளாகும். எங்கள் வண்டி வருடந்தோறும் மூன்று மாதம் தண்ணீரிலேயே நிற்கிறது. போதாக்குறைக்கு, வயல்வழியில் போட்ட நாலு சக்கர இழுப்பை எடுக்காமலே தார்ச்சாலையிலும் ஓட்டிவந்தோம். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். சேற்றில் அந்த வித்தியாசத்துக்குச் சக்கரம் வழுக்கி இடம் கொடுக்கும், தார்ச்சாலையில் கொடுக்காது. அந்த முறுக்கு முழுவதையும் கிராஸ்கள்தான் தாங்கின.

எங்கள் ஓட்டுநர் அண்ணன் இதை முன்பே கண்டுகொண்டார். புரட்டாசியில் ஒருநாள், “ஐயா, ரிவர்ஸ் போட்டா அடியில ‘டங்’னு சத்தம் வருது. கிராஸ் போயிருக்கும்போல” என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றோம். அந்த மாதம் ஆய்வகத்துக்குக் குளிர்பெட்டி வாங்கவேண்டி இருந்தது. ஐப்பசியில் வண்டிக் குறிப்பேட்டில் எழுதினார்: மெதுவாகப் போகும்போது எலி கத்துவதுபோல் கீச்சென்ற சத்தம், கப்பைச் சுற்றிச் செம்புழுதி. அந்தச் செம்புழுதி, அரைபட்ட ஊசிகளின் துரு. மூன்றாம் முறை எழுதினார்: வேகம் எடுத்தால் தரை அதிர்கிறது. மூன்று குறிப்பின் கீழும் எங்கள் கையொப்பம் இருக்கிறது. பார்த்தோம் என்பதற்குச் சாட்சி அது. ஒன்றும் செய்யவில்லை என்பதற்கும் சாட்சி அதுதான்.

கார்த்திகையில் ஒரு மாலை. கிராம முகாம் முடியும் நேரத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். கால்கள் வீங்கியிருந்தன, தலைவலி, இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. வலிப்பு வந்துவிட்டால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. அவரையும் அவருடைய மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வாய்க்கால் கரையில் ஏறும்போது அடியில் பலத்த சத்தம். பின் ஷாஃப்டின் ஆக்சில் பக்கத்துக் கிராஸ் முறிந்து, ஷாஃப்ட் தொங்கி வண்டியின் அடியை அடித்தது. ஓட்டுநர் அந்தக் கணமே நிறுத்தினார். முன்முனை முறிந்து வேகத்தில் தரையில் குத்தியிருந்தால் வண்டியே தூக்கியெறியப்பட்டிருக்கும்.

அவர் மழையில், சேற்றில் படுத்து, எஞ்சிய போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை உருவி எடுத்தார். இனி முன்சக்கரம் மட்டுமே இழுக்கும்படி நெம்புகோலைப் போட்டார். ஊர் இளைஞர்கள் நாலைந்து பேர் பின்னாலிருந்து தள்ள, வண்டி கரையேறியது. 50 நிமிடங்கள் போய்விட்டன. அவ்வளவு நேரமும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, மாமியார்தான், “இன்னும் எவ்வளவு நேரம் ஐயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களிடம் பதில் இல்லை.

தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். கடவுளுக்கு நன்றி. ஆனால் அந்த 50 நிமிடங்களை மழையின்மேல் சுமத்த எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கிராஸின் விலை சில நூறு ரூபாய்.

மறுநாள் கும்பகோணத்தில் நான்கு கிராஸ்களும் வாங்கி வந்தோம். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதானே! எங்கள் கொட்டகையிலேயே வேலை நடந்தது. முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். இத்தகைய பழைய ஜீப் பலவற்றில் கைப்பிரேக், சக்கரத்தில் இல்லாமல் கியர்பெட்டியின் பின்னால் இருக்கும். பின் ஷாஃப்டைக் கழற்றினால் அது பின்சக்கரத்தைப் பிடிக்காது. பிறகு ஷாஃப்டிலும் அது சேரும் இடத்திலும் பெயிண்டால் அடையாளம் இட்டார்கள். ஷாஃப்ட் இரு துண்டாக ஒன்றினுள் ஒன்று நுழைவது. இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். சாய்ந்து சுழலும் ஒரு மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை மூட்டு அதைச் சரிக்கட்டுகிறது. கவை திரும்பிப்போனால் சரிக்கட்டாது; அதிர்வுதான் மிஞ்சும்.

சர்க்கிளிப்புகளை எடுத்து, வைஸில் வைத்து, சிறிய சாக்கெட்டால் தள்ளிப் பழைய கப்புகளை வெளியேற்றினார்கள். புதியதைப் பூட்டும்போது ஒரு கப் முழுதாக உள்ளே போகவில்லை. உதவிக்கு வந்த பையன் சுத்தியலை எடுத்தான். ஓட்டுநர் தடுத்தார்: “அடிக்காதே தம்பி, உள்ளே ஊசி சாஞ்சிருக்கும். வெளியே எடு.” எடுத்துப் பார்த்தால் அப்படியே ஓர் ஊசி படுத்துக் கிடந்தது. அடித்திருந்தால் புதுக் கிராஸும் சில வாரங்களில் போயிருக்கும். ஊசியை நிமிர்த்திப் பூட்டி, கையால் ஆட்டிப் பார்த்து, நான்கு கப்பிலும் கசியும்வரை கிரீஸ் அடித்தார்கள். மாலையில் வண்டி ஓடியது. டங் இல்லை, கீச் இல்லை.

அதன்பின் சில முடிவுகள் எடுத்தோம். ஓட்டுநர் குறிப்பேட்டில் எழுதும் குறைக்கு மூன்று நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும். வண்டி பாதுகாப்பில்லை என்று அவர் நினைத்தால் எங்களைக் கேட்காமலே நிறுத்தலாம். தண்ணீரில் இறங்கிய வாரமெல்லாம் கிரீஸ் அடிக்கவேண்டும். தார்ச்சாலை ஏறியதும் நாலு சக்கர இழுப்பை எடுத்துவிடவேண்டும். ஒரு ஜோடிக் கிராஸ் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும்.

நண்பர்களே, படுக்கைக்கும் கருவிக்கும் கொடுப்பவர்களின் பெயரைச் சுவரில் எழுத முடிகிறது. கிரீஸ் டப்பாவில் யார் பெயரையும் எழுத முடியாது. ஆதலால் நாங்களும் அதற்கென்று உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டோம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் விலை கொடுக்க இருந்தார். ஆகையால் இந்த ஆண்டு முதல் வாகனப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். உங்கள் நன்கொடையில் ஒரு சிறு பங்கை அதற்கென்று குறித்து அனுப்பினால் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குத் தருவோம். வலங்கைமான் பக்கம் வந்தால் கொட்டகைக்கும் வாருங்கள். முறிந்த அந்தக் கிராஸை அலுவலக மேசைமேல் வைத்திருக்கிறோம். கையில் எடுத்துப் பார்க்கலாம்.