கேட்ட செய்தியைத் தெளிந்து கொள்வோம்



முன்னாளில் நாட்டு நடப்பை அறிவதற்கு வானொலியின் தமிழ் ஒலிபரப்பும், ஒருவர் படிக்கப் பலர் கேட்ட நாளேடும், தகவல் இலாகாவினர் திடலில் காட்டிய படமுமே நமக்குத் துணையாயிருந்தன. இன்றோ, விடியுமுன் பிரட்டுக் களத்திற்குப் புறப்படும் தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளேயே செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது.

இம்மாற்றம் நாட்டின் அரசியலிலும் பதிந்துள்ளது. 1999ஆம் ஆண்டில் மலேசியாகினி என்னும் இணைய நாளிதழ் தோன்றியது. 2008 மார்ச் 8ஆம் நாள் நடைபெற்ற பொதுத் தேர்தலில் இணையச் செய்திகள் வாக்காளரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தன. 2018 மே 9ஆம் நாள் தேர்தலின்போது அவை வாட்சாப் குழுக்கள் வழியே வீட்டுக்கு வீடு சென்றன. ஆட்சி மாற்றத்திற்குக் காரணங்கள் பலவெனினும், கைப்பேசியின் பங்கை எவரும் மறுத்தற்கில்லை. 2021 டிசம்பர் முதல் 18 வயதினரும் வாக்குரிமை பெற்றுள்ளனர். அவர்களுள் பலர் நாட்டைக் காண்பது கைப்பேசியின் வழியேதான்.

ஆயினும், விரைந்து வருவதெல்லாம் உண்மையாகிவிடாது. 2022 நவம்பர் 19ஆம் நாள் தேர்தலுக்குப் பின், 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி இனப்பகையை மூட்டும் காணொளிகள் டிக்டாக்கில் பரவின. எங்கோ அமர்ந்திருப்பவர் மூட்டும் நெருப்பு நம் தோட்டத்தில் பற்றினால், பல்லாண்டு ஒன்றாய் உழைத்த அண்டை அயலாரே அல்லவா ஒருவரையொருவர் ஐயுறுவர்?

பொய்ச் செய்தி பொருளையும் பறிக்கும். 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. அப்பணத்தை உறுப்பினர் தாமே விண்ணப்பித்துப் பெறலாம், இடைத்தரகர் தேவையில்லை. உதவி செய்வதாகக் கூறி வருபவரிடம் மறைச்சொல்லைக் கொடுப்பது, ஆயுட்கால உழைப்பின் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்றனர் நம் முன்னோர். பிறர் முகத்தையும் குரலையும் போலியாக அமைக்கவல்ல இக்காலத்திற்கு இது மிகவும் பொருந்தும். ஆகவே, ஐயத்திற்குரிய செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் சற்றுப் பொறுங்கள். 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘செபெனார்ஞா’ என்னும் அரசாங்க இணையத்தளத்தில் பொய்ச் செய்திகளுக்கான விளக்கங்கள் வெளியாகின்றன. அதனைப் படிக்க இயலாத முதியோர்க்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லுதல் வேண்டும்.

மோசடியில் பணத்தை இழந்தவர் வெட்கித்து மறைத்தலாகாது. உடனே 997 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுமுன் தகவல் கிட்டினால்தான் அதனைத் தடுக்க வழியுண்டு.

வெட்டுக் கத்தி கைதேர்ந்தவரிடம் பாலைத் தரும். கவனமற்றவரிடம் மரத்தைக் காயப்படுத்தும். கைப்பேசியும் அத்தகையதே. அறிந்து கையாள்வோம்; நம் வாக்கையும், உழைத்த பொருளையும், ஒற்றுமையையும் காப்போம்.