தேதி மட்டும் நான் போட்டேன்



824-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும். நான்காம் வகுப்புக் கணக்கு. என் மகன் எழுதியிருந்த விடை 13.

"தப்பு" என்றேன். அவ்வளவுதான். பென்சில் சுவரில் போய் விழுந்தது. நோட்டு கட்டிலுக்கு அடியில் போனது. "எனக்குக் கணக்கு வராது, நீயே போட்டுத் தா" என்று ஒரே கத்தல். மணி ஏழே கால். அடுப்பில் குக்கர். மறுநாளைக்கு நான் பாடக்குறிப்பு எழுதி முடிக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, மிச்சக் கணக்குகளின் விடைகளை ஒரு துண்டுத் தாளில் போட்டுக் கொடுத்தேன். அவன் பார்த்து எழுதினான். அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான் கழிந்தது.

நான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கத் தெரிந்த எனக்கு, வீட்டில் ஒருவனை உட்காரவைக்க முடியவில்லை. 'வாத்தியார் பிள்ளை மக்கு' என்ற பழமொழியைச் சொந்தக்காரர்கள் அவன் காதுபடவே சொன்னார்கள். அந்தச் சொல் அவனுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தில் எவ்வளவு உதவலாம் என்று பெற்றோர் என்னிடம் கேட்காத வாரம் கிடையாது. 'விட்டுருங்க, ஸ்கூல்ல நாலு திட்டு வாங்கினா தானா வரும்' என்று சொல்பவர்கள் உண்டு. 'பக்கத்திலேயே உட்கார்ந்து முடிக்க வைங்க, இல்லாட்டி கெட்டுப் போயிருவான்' என்பவர்களும் உண்டு. நான் இரண்டையும் செய்து பார்த்தவள். திங்கட்கிழமை விட்டுவிடுவேன், செவ்வாய்க்கிழமை டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வரும், புதன்கிழமை நானே எல்லாவற்றையும் செய்வேன். உண்மையில் உதவியின் அளவை நான் முடிவு செய்யவே இல்லை. அவன் சத்தம்தான் முடிவு செய்தது. அவன் எவ்வளவு கத்தினானோ அவ்வளவு கணக்கு நான் போட்டேன். பிள்ளைகள் இதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டை எதுவும் இல்லாத நேரத்தில், அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அம்மாவாக இல்லாமல் டீச்சராக உட்கார்ந்து பார்த்தேன். 8-க்குள் 8 ஒரு தடவை போகிறது. மேலே 1 போட்டிருக்கிறான். சரி. அடுத்து 2-ஐக் கீழே இறக்கியிருக்கிறான். 2-க்குள் 8 போகாது. அந்த இடத்தில் மேலே ஒரு பூச்சியம் போட வேண்டும். போடவில்லை. நேராக 4-ஐயும் இறக்கி, 24 ஆக்கி, மூவெட்டு இருபத்து நாலு என்று 3 போட்டிருக்கிறான். வாய்ப்பாடு சரி. கழித்தல் சரி. ஒரே ஒரு பூச்சியம்தான் இல்லை. பக்கங்களைப் புரட்டினால் அதே மாதிரி ஏழு கணக்கு, ஏழிலும் அதே இடத்தில் அதே பூச்சியம் இல்லை. அந்த ஒரு பூச்சியத்துக்காகத்தான் என் பிள்ளை தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டிருந்தான். விடையை மட்டும் பார்த்துத் 'தப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவனிடம் கேட்டேன். "எய்யா, 824 ரூபா இருக்கு. எட்டுப் பேருக்குச் சமமாப் பிரிச்சுக் குடுக்கணும். ஆளுக்கு 13 ரூபா குடுத்தா சரியாப் போகுமா?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். "ஆளுக்கு நூறு ரூபா குடுத்தாலே எண்ணூறுதானம்மா ஆகுது?" என்றான். ரப்பரை அவனே எடுத்தான். அன்றைக்கு நான் செய்த உதவி அந்த ஒரு கேள்விதான். மிச்ச ஆறு கணக்கிலும் பூச்சியம் எங்கே என்று அவனே தேடிப் போட்டான்.

எவ்வளவு உதவுவது என்று கேட்டால் நான் இப்போது சொல்வது இதுதான். முதலில் எந்த இடத்தில் தட்டுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் கை கொடுங்கள். அதற்கு முன்னாலும் வேண்டாம், அதைத் தாண்டியும் வேண்டாம்.

இதைப் பற்றி 1976-இலேயே டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று பேர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேரிடம், ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிடு போல அடுக்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு கட்டுப்பாடு. குழந்தை தானாகச் செய்யக்கூடியதை முடிந்தவரை அதன் கைக்கே விட்டுவிட வேண்டும். திணறினால் முதலில் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் போதாது என்றால்தான் கையால் செய்து காட்ட வேண்டும். இந்த மாதிரி உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கட்டடத்துக்குச் சவுக்குக் கழியும் கயிறும் வைத்துக் கட்டுகிறோமே, அதே சாரம்தான். எங்கள் பள்ளிக்கு வகுப்பறை கட்டும்போது தினமும் பார்த்தேன். சுவர் எழும்ப எழும்பத்தான் சாரமும் எழும்பியது. பூச்சு வேலையின்போது மேலேயிருந்து பூசிக்கொண்டே, முடிந்த இடத்துச் சாரத்தைப் பிரித்துக்கொண்டே கொத்தனார் இறங்கி வந்தார். கட்டும்போதே பிரிக்கிற நாளும் அவர் மனதில் இருக்கிறது. நான் என் மகனுக்குக் கட்டியதில் அந்த யோசனை இல்லவே இல்லை.

அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் செயல்பாடு, செய்முறை எல்லாவற்றுக்கும் சேர்த்து வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். பருவத் தேர்வுக்கு, அதாவது தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, 60. அந்த நாற்பதுக்காக அவன் ஒரு காற்றாலை செய்தான். எங்கள் பக்கம் எங்கு திரும்பினாலும் காற்றாலைதானே. ஐஸ் குச்சிகளை ஒட்டிச் செய்த அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இறக்கைகள் மூன்றும் மூன்று அளவு. ராத்திரி அவன் தூங்கின பிறகு நான் தெர்மோகோலில் வெள்ளை வெளேரென்று வேறொன்று செய்தேன். பள்ளியில் அதை மேஜைமேல் வைத்துப் பாராட்டினார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னான்: "நல்லா இருக்குன்னு சொன்னாங்கம்மா. உன்னோடதை." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் பென்சில் டப்பாவைத் திறந்தபோது, அடியில் அந்த ஐஸ் குச்சி இறக்கைகளில் ஒன்று இருந்தது. நான் குப்பையில் போட்டதிலிருந்து எடுத்து வைத்திருக்கிறான்.

அதற்காக, தொட்டாலே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். என் மகனுக்கு எழுதுவது பெரும் பாரம். பத்துக் கணக்கைப் புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எடுத்து எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடும். கணக்குப் போடத் தெம்பு இருக்காது. பாடம் வகுத்தல் என்றால், கணக்குகளை நான் எடுத்து எழுதிக் கொடுப்பேன், வகுப்பதை அவன் செய்வான். அதில் எனக்கு உறுத்தலே கிடையாது. தமிழில் சொல்வதெழுதுதலுக்குத் தயார் செய்கிற நாளில் ஓர் எழுத்துகூட நான் எழுதமாட்டேன். அன்றைக்குப் பாடமே எழுத்துதான்.

அவன் அதிகமாக முரண்டு பிடித்தது தொடங்குகிற நேரத்தில். முதல் வரியை எழுதுவதுதான் அவனுக்கு மலை. ஆகவே நோட்டைத் திறந்து, தேதியைப் போட்டு, முதல் கேள்வி எண்ணை மட்டும் எழுதி அவன் முன்னால் வைப்பேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பேன். கையில் வேலை இருந்தால் பென்சிலைப் பிடுங்கத் தோன்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முரண்டுக்குப் பின்னால் உடம்பின் காரணம் இருக்கலாம். என் வகுப்பில் ஒரு சிறுமி கரும்பலகையைப் பார்த்து எழுதவே மாட்டாள், அடுத்த பிள்ளையின் நோட்டைத்தான் எட்டிப் பார்ப்பாள். திமிர் என்று நானே திட்டியிருக்கிறேன். பள்ளிக்குக் கண் பரிசோதிக்க வந்தபோதுதான் தெரிந்தது, அவளுக்குத் தூரத்து எழுத்து தெரியவில்லை. கண்ணாடி போட்டு வந்த முதல் நாள், "போர்டுல நேத்து அழிச்ச எழுத்துகூடத் தெரியுது டீச்சர்" என்றாள். வாயால் கேட்டால் டக்டக்கென்று பதில் சொல்கிற பிள்ளை, வாசிக்கச் சொன்னால் மட்டும் வரியை விட்டு வரிக்குத் தாவினால், எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டால், அது டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று சலுகைகள் உண்டு. அந்தப் பிள்ளையை மிரட்டி எழுத வைப்பது பாவம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவர்களுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலேயே உத்தரவிட்டிருக்கிறது.

'எங்களுக்கே எழுத்து தெரியாதே, நாங்க என்ன உதவ?' என்று கேட்கிற தாய்மார்கள் எங்கள் ஊரில் நிறைய. அதில் ஒருவர் பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, விரல் நிற்காமலே, "ஏளா, திரும்பப் படி" என்றார். அந்தப் பிள்ளை உண்மையிலேயே ஒரு வரியை விட்டிருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். ஆனா எம்புள்ள முழுங்கிப் படிச்சாத் தெரிஞ்சுரும்" என்றார். படித்த நான் செய்த உதவியைவிட அது எவ்வளவோ மேல்.

முடியாத பாடத்தை என்ன செய்வது? எங்கள் வீட்டில் அரை மணி நேரம் என்று வைத்தேன். அதற்குள் முடிந்தது முடிந்தது. முடியாததற்கு அவன் டைரியில் இப்படி எழுதினேன்: 'இரண்டு கணக்கு அவனே செய்தான். மூன்றாவதில் நின்றுவிட்டது. முப்பது நிமிடம் முயன்றான்.' கீழே கையெழுத்து. டீச்சராக இருந்து சொல்கிறேன், பெற்றோர் போட்டுக் கொடுத்த பத்துச் சரியான கணக்கு எனக்கு ஒன்றுமே சொல்லாது. பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். எங்கே நின்றது என்று எழுதிய அந்த மூன்று வரி இருந்தால், மறுநாள் காலையில் அந்த இடத்திலிருந்து தொடங்குவேன். அவன் ஆசிரியையும் அப்படித்தான் செய்தார். திட்டு எதுவும் வரவில்லை.

ஒரே மாதத்தில் எல்லாம் மாறிவிடவில்லை. அதற்குப் பிறகும் பென்சில் பறந்த நாள்கள் உண்டு. நானும் பொறுமையிழந்து கத்திய நாள்கள் உண்டு. ஆறாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்னால் ஒருநாள், வழக்கம்போலத் தேதி போடுவதற்காக நோட்டைத் திறந்தேன். தேதி ஏற்கெனவே போட்டிருந்தது. கோணல் மாணலாக, மார்ஜின் கோட்டைத் தாண்டி. முந்தின நாள் தேதி. நான் திருத்தவில்லை. வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.