கரிசலில் ஒரு சாலை

ராணுவப் பொறியாளர் என்றதும் கண்ணிவெடியும் பாலமும்தான் பலருக்கு நினைவு வரும். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போன எங்கள் இந்திய ராணுவக் கம்பெனியிடம் இருந்தவை கிரேடர், டோசர், ரோலர், டிப்பர். முழுக்க, சாலை போடும் மண்வேலை.

2011 ஜூலையில் விடுதலை பெற்ற நாடு அது. 2013 டிசம்பரிலேயே உள்நாட்டுப் போர். நாங்கள் இருந்தது வெள்ளை நைல் கரையில், மலக்காலில். நான் கோவில்பட்டிக்காரன். மண்ணைக் கையில் அள்ளியதுமே தெரிந்துவிட்டது, அட, நம்ம கரிசல்! வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மழை பெய்தால் செருப்பை விடாது. கிராவலோ வெகு தொலைவிலிருந்து வர வேண்டும். சாலை அறுந்தால் பல இடங்களுக்கு உணவு மூட்டைகள் விமானத்தில்தான் போகும். செலவு பல மடங்கு.

அதனால் முதல் வேலை, தண்ணீர் வடிய வாய்க்கால். இரு ஓரமும் வெட்டி, அந்த மண்ணை நடுவில் ஏற்றி, கிரேடரால் இருபுறமும் சரிவு கொடுத்து, ரோலரால் இறுக்குவோம். ஈரம் கூடினால் மண் பிதுங்கும், குறைந்தால் இறுகாது. ஆய்வுக்கூடத்துக்கு எங்கே போக? உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பதுதான். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. எனக்கு இதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். "தண்ணீர் இங்கேதான் குறுக்கே போகும், வழி விடுங்கள்" என்றார். கண்ணுக்கெட்டிய வரை தட்டை நிலம். ஆனாலும் அவர் காட்டிய இடத்தில் சாலைக்கு அடியில் குழாய் பதித்தோம். மழை இறங்கியதும் அந்தக் குழாய்தான் நிறைந்து ஓடியது.

வெள்ள நிவாரணமும் இதே மண்வேலைதான். 2021 வெள்ளத்தில் பென்டியு நகரத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களைச் சுற்றிக் கரை கட்டிக் காத்தவர்களில் பாகிஸ்தான் ராணுவப் பொறியாளர்கள் முக்கியமானவர்கள். ஆமாம் நேயர்களே, எல்லையில் எதிரெதிரே நிற்கும் நாங்கள் அங்கே ஒரே நீலத் தொப்பிதான்!

நேரம் முடிகிறது. படை மாறிக்கொண்டே இருக்கும்; வாய்க்காலோ ஒவ்வோர் ஆண்டும் தூர்ந்துபோகும். அதைத் தூர்வார அந்த ஊர் இளைஞர்களே கிரேடரில் ஏற வேண்டும், குழாய் பதிக்கும் இடத்தை அந்தப் பெரியவர்கள் காட்ட வேண்டும். அப்போது வெளியூர்ப் படைக்கு அங்கே வேலையிருக்காது. அந்த நாள் சீக்கிரம் வரட்டும்.