பேசாதவர் முகத்தைப் பாருங்கள்



'திரையில் இணைந்தவர்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். சினிமாவில் ஜோடிப் பொருத்தம் என்றாலே நம் பேச்சு உயரத்துக்கும் நிறத்துக்கும் போய்விடும். இருவரும் சேர்ந்து நிற்கும் அழகைச் சொல்லி முடித்துக்கொள்வோம். நான் இங்கே ஒரே ஒரு கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். இரண்டு நடிகர்களுக்கு நடுவே பற்றிக்கொள்கிறதே ஒரு நெருப்பு, அதைப் பற்றவைப்பவர் வசனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்தான்.

சான்று கேட்பீர்கள். 1964ஆம் ஆண்டுக்கு வாருங்கள். ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்துவிட்டு, படமெடுக்கப் பணம் கேட்டு அப்பாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான் செல்லப்பா. அது நாகேஷ். காசை இறுக்கிப் பிடித்திருக்கும் அப்பா விஸ்வநாதன், டி.எஸ்.பாலையா. அப்பாவை உட்காரவைத்து மகன் ஒரு திகில் கதை சொல்கிறான். கதையில் வரும் அத்தனை சத்தமும் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது.

இப்போது பாலையாவைக் கவனியுங்கள். அவருக்கு அந்தக் காட்சியில் வசனம் மிகக் குறைவு. முதலில், இவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்கிற அலட்சியம். கொஞ்ச நேரத்தில் புருவம் ஏறுகிறது. பிறகு கண் விரிகிறது. கடைசியில் அத்தனை பெரிய மனிதர் சின்னப் பிள்ளையாய் ஒடுங்கிப்போகிறார். 1936இல் 'சதிலீலாவதி'யிலேயே நடிக்க வந்துவிட்ட மூத்த கலைஞர் அவர். திரைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன நாகேஷுக்கு முன்னால் உட்கார்ந்து, 'தம்பி, நீ ஆடு, நான் பயப்படுகிறேன்' என்பதுபோல் இடம் கொடுக்கிறார். பாலையாவை மறைத்துவிட்டு நாகேஷை மட்டும் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான ஒரு மிமிக்ரிதான் மிஞ்சும். அந்த வீட்டுக்குள் பேய் வந்துவிட்டது என்று நமக்குச் சொன்னது யார்? பாலையாவின் கண்!

நிஜ வாழ்வில் நெருக்கம் இருந்தால் திரையிலும் அது தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1961இல் வந்த 'பாசமலர்' படத்தில் சாவித்திரியின் கணவராக நடித்தவர், உண்மையிலேயே அவருடைய கணவரான ஜெமினி கணேசன். ஆனால் அறுபது ஆண்டுகள் தாண்டியும் தமிழ்நாடு எந்த இணையை நினைத்து அழுகிறது? அண்ணன் சிவாஜியையும் தங்கை சாவித்திரியையும்! தங்கை கலங்கினால் அண்ணன் முகம் வாடும். அண்ணன் குரல் உடைந்தால் தங்கை முகம் கரையும். அவர்களை உடன்பிறப்பு ஆக்கியது அதுதான்.

அன்பர்களே, பேசவே முடியாத நிலையிலும் ஒரு நடிகர் பதில் சொல்ல முடியுமா? சொல்லியிருக்கிறார். 1968, ஏ.பி.நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்'. கத்திக் காயம் பட்டுப் பிழைத்து வந்திருக்கிறார் நாயனக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரம். அது சிவாஜி. ஊரே பார்த்திருக்க, நேரில் கேட்க முடியாத நலத்தை ஆட்டத்திலும் பாட்டிலும் வைத்துக் கேட்கிறாள் மோகனாம்பாள். பத்மினியின் விழியும் விரலும் கேட்கின்றன. சிவாஜிக்கோ வாய் அடைபட்டிருக்கிறது. உதட்டில் சீவாளி, கன்னம் நிறைய மூச்சு. நாயனத்தை எடுத்துவிட்டால் வாசிப்பு நின்றுபோகும். மிச்சம் இருப்பது கண் மட்டும். நாதம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அந்தக் கண்ணில் திரண்ட நீர் சிவாஜியுடையது. அந்த நீரைப் பார்த்த பிறகுதான் பத்மினியின் அடுத்த அசைவு பிறப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? மறுபடியும் அதே பாலையா!

இன்னும் ஒரு இணை. 1980இல் கே.பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு'. ஸ்ரீதேவி மெட்டுக் கொடுக்க, கமல்ஹாசன் அதற்கு வரி கட்டுகிறார். அவர் யோசிக்கும் அந்த ஒரு நொடியில் ஸ்ரீதேவியின் முகத்தில் இருக்கும் ஆவலைப் பாருங்கள். 'இவனால் முடியுமா?' என்று சவால் விடுகிற முகம், வரி வந்து விழுந்ததும் மலர்ந்துவிடுகிறது. கெமிஸ்ட்ரி என்று இன்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இரண்டே ஆண்டுகளில் அதே இருவர், பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யில். நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட விஜி, படம் முழுக்கச் சீனுவின் ஒவ்வொரு அசைவுக்கும் சிரித்தவள், சிணுங்கியவள். கடைசியில் ரயில் நிலையம். அவளுக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது. இடையில் வாழ்ந்த வாழ்க்கை அழிந்துவிட்டது. அவளைச் சிரிக்கவைத்த குரங்குச் சேட்டையை அவன் மழையில் மறுபடி செய்கிறான். அவள் பார்க்கிறாள், யாரோ ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல. அதுவரை பதில் சொல்லிக்கொண்டே இருந்த முகம் பதில் சொல்வதை நிறுத்துகிறது. நம் நெஞ்சு வெடிக்கிறது. அந்தப் படத்துக்காகக் கமலுக்குத் தேசிய விருது கிடைத்தது. முழுக்க முழுக்கத் தகுதியான விருது. ஆனால் அவருடைய துடிப்புக்கு உயிர் கொடுத்தது ஸ்ரீதேவியின் அந்த வெறும் பார்வை என்பதை நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா?

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? குறும்படம் எடுக்கும் தம்பி, தங்கைகள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேசுகிறவர் முகம், அடுத்துப் பேசுகிறவர் முகம் என்று வசனத்துக்கு வசனம் வெட்டிக்கொண்டே போகாதீர்கள். எதிரில் நடிப்பவரை அனுப்பிவிட்டு, உதவி இயக்குநரை வசனம் படிக்கவைத்து குளோசப் எடுக்காதீர்கள். கேட்பவருக்கும் ஃபிரேமில் இடம் கொடுங்கள். இருவரையும் கேமரா இல்லாமல் பலமுறை ஒத்திகை பார்க்கவிடுங்கள். ஒருவர் மூச்சு மற்றவருக்குப் பழக வேண்டும்.

இந்த நூலக வாசகர் வட்டத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று தனித்தனியாகப் பிரித்தே பாராட்டிப் பழகிவிட்டோம். உங்கள் அடுத்த குறும்பட விழாவில் சிறந்த இணைக்கு ஒரு பரிசு வையுங்கள். அண்ணன் தங்கையாக இருக்கட்டும், அப்பா மகனாக இருக்கட்டும், இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மேடையேற்றி ஒரே பொன்னாடையைப் போர்த்துங்கள். ஒருவர் தந்ததை இன்னொருவர் வாங்கிக்கொண்டதால்தான் அங்கே கலை நடந்தது. வாங்கிக்கொண்டவருக்கும் சேர்த்துக் கைதட்டும் ரசிகர்களாக நாம் வளர்வோம்.