அப்பத்தா கேட்ட கேள்வி

(மதுரையை அடுத்த கிராமம் ஒன்றில் மாணவர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



எனக்கு முன் பேசிய மாணவத் தோழர், தாம் கல்லூரியில் மதங்களைப் பற்றிய பாடம் ஒன்றை எடுத்துப் படித்த அனுபவத்தை வெகு நன்றாய் எடுத்துச் சொன்னார். சைவம், வைணவம், பவுத்தம், சமணம், இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய எல்லாவற்றையும் வரிசையாய்ச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும், ஆசிரியர் எதையும் உயர்த்தியும் பேசவில்லை, தாழ்த்தியும் பேசவில்லை என்றும், ஆகமம் என்றால் என்ன, தீட்சை என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கு வாங்கினதாகவும் சொன்னார். லீவில் ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது, அவருடைய அப்பத்தா, “இம்புட்டுப் படிச்சிருக்கியேப்பா, இனிமே நீ சாமியத் தொட்டுப் பூசை பண்ணலாமா?” என்று கேட்டார்களாம். இதைச் சொன்னவுடன் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசித்தால், அது சிரித்துவிட்டுப் போகக் கூடிய கேள்வியல்ல என்று தெரிகிறது. ஆதலால் நான் பேச நினைத்து வந்த வேறு விஷயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த அம்மையாரின் கேள்விக்கே பதில் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

அவர் கேட்டதில் என்ன தப்பு?

வக்கீலுக்குப் படித்தவன் கோர்ட்டில் ஏறி வாதாடுகிறான். வைத்தியத்திற்குப் படித்தவன் நாடி பிடிக்கிறான். லாரி ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியவன் லாரி ஓட்டுகிறான். அவனவனுடைய அப்பன் யார், பாட்டன் யார் என்று யாரும் கேட்பதில்லை. அப்படியானால் மதத்தைப் படித்தவன் மத காரியம் செய்யலாம் என்று ஒரு பாட்டி நினைத்தால், அது நியாயமான நினைப்பா அல்லவா? பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்த அம்மையாருக்கு, படிப்புக்குத்தான் யோக்கியதை என்று தோன்றுகிறது. பெரிய பெரிய சாஸ்திரம் படித்தவர்களுக்குத் தோன்றவில்லையே!

படிப்பில் இரண்டு விதம்

மாணவத் தோழர்கள் ஒரு வித்தியாசத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். மதத்தைப் போதிப்பது ஒன்று. மதங்களைப் பற்றி அறிவிப்பது மற்றொன்று. 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கல்விக் கமிஷனும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தே பேசிற்று. நம் தோழர் படித்தது இரண்டாவது வகை. அதில் நமக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. மதங்கள் எப்படிப் பிறந்தன, எப்படி வளர்ந்தன, எப்படி ஒன்றையொன்று அடித்துக் கொண்டன என்று வரிசையாய்ப் படிப்பவனுக்குப் பகுத்தறிவு தானாகவே கொஞ்சம் வந்துவிடும்.

முதல் வகைப் படிப்பு முன்பு நம் நாட்டில் கட்டாயமாகவே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மிஷன் காலேஜுகளில் இந்துப் பையன்களும் பைபிள் வகுப்பில் உட்கார்ந்தே ஆகவேண்டியிருந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு இதற்கு ஒரு முடிவு கட்டிற்று. முழுக்க முழுக்க சர்க்கார் பணத்தில் நடக்கும் கல்விக் கூடத்தில் மத போதனை கூடாது. சர்க்காரின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் கல்விக் கூடத்தில் யாரையும் அவர் சம்மதமின்றி, மைனராயிருந்தால் பெற்றோர் சம்மதமின்றி, மத போதனையில் கலந்து கொள்ளச் சொல்லக் கூடாது என்று அது சொல்லுகிறது. இது நல்ல காரியம்தான்.

ஆனால் அப்பத்தாவின் கேள்வி இது அல்லவே. “வேண்டாம் என்பவனை விட்டுவிடு” என்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. “வேண்டும் என்று வந்து படித்து முடித்தவனை உள்ளே விடு” என்பதற்கு என்ன வழி? அதற்குப் பதில் சொல்லக் கூடிய பரீட்சை ஒன்று இந்த மதுரையிலேயே நடந்திருக்கிறது.

மதுரையில் நடந்த பரீட்சை

2006-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி தமிழ்நாட்டு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டார்கள். தகுதியும் பயிற்சியும் உள்ள இந்து யாராயிருந்தாலும், எந்த ஜாதியாயிருந்தாலும், அர்ச்சகர் ஆகலாம் என்பது அந்த உத்தரவு. பயிற்சிக்கு வழி சொல்ல நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் குழு போட்டார்கள். பிறகு ஆறு பயிற்சிப் பள்ளிகள் ஏற்பட்டன. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கும் சைவத்திற்கு. ஸ்ரீரங்கமும் சென்னைத் திருவல்லிக்கேணியும் வைணவத்திற்கு.

வந்து சேர்ந்த பிள்ளைகள் யார்? நம்மைப் போன்ற நாஸ்திகர்களா? இல்லவே இல்லை. மனதார சாமி கும்பிடுகிற பிள்ளைகள். பிற்படுத்தப்பட்டவர்கள், தாழ்த்தப்பட்டவர்கள் ஆகிய குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு வருஷம் பள்ளியிலேயே தங்கி ஆகமம் படித்தார்கள். சமஸ்கிருத மந்திரங்களை மனப்பாடம் செய்தார்கள். தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் ஓதினார்கள். அபிஷேகம், அலங்காரம், ஆராதனை எல்லாம் முறைப்படி பழகினார்கள். இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் கிடைப்பதே கஷ்டமாயிருந்தது. தங்கள் வித்தை வெளியே போய்விடக் கூடாது என்று பரம்பரைக்காரர்களில் அநேகர் ஒதுங்கி நின்றார்கள். அப்படியிருந்தும் 2008-ல் 200-க்கு மேற்பட்ட மாணவர்கள் படிப்பை முடித்து, தீட்சையும் பெற்று, சர்ட்டிபிகேட்டும் வாங்கினார்கள்.

சர்ட்டிபிகேட் கைக்கு வந்தது. கருவறைக் கதவு திறந்ததா? திறக்கவில்லை! ஏனென்றால், இந்த மதுரையைச் சேர்ந்த ஆதிசைவ சிவாச்சாரியார்களின் சங்கத்தார் 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், நியமனத்திற்குத் தடை வாங்கியிருந்தார்கள். அந்த வழக்குக்கு முடிவு எப்போது வந்தது தெரியுமா? 2015-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி. அதாவது ஒரு வருஷம் படித்த படிப்புக்கு ஏழு வருஷம் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த முடிவாவது முடிவாயிருந்ததா என்றால் அதுவும் இல்லை. நியமனம் ஆகமப்படி நடக்க வேண்டும், அந்த ஆகமமும் அரசியல் சட்டத்திற்கு உட்பட்டிருக்க வேண்டும், எந்தக் கோவிலுக்கு எது முறை என்பதைக் கோவில்தோறும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

2018-ல் இந்த மதுரை தல்லாகுளம் அய்யப்பன் கோவிலில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. அப்படி வேலை கிடைத்தவர்களில் அவரே முதல்வர். பிறகு 2021-ம் வருஷம் ஆகஸ்ட் 14-ந் தேதி, பயிற்சிப் பள்ளிகளில் படித்த 24 பேருக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உத்தரவு கொடுத்தார். 2023-ல் ஸ்ரீரங்கம் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்தார்கள். வழக்குகளோ அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2008-ல் 20 வயதில் படித்து முடித்த பையனுக்கு 2021-ல் 33 வயது. அந்தப் பதின்மூன்று வருஷத்தை அவனுக்கு எந்தச் சாமி திருப்பிக் கொடுக்கும்?

ஆகமம் படித்தவர் யார்?

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த ராஜன் குழு விசாரித்துப் பார்த்தபோது, பரம்பரை அர்ச்சகர்களிலேயே முறையாக ஆகமப் பயிற்சி பெறாதவர்கள் பலர் என்பது வெளிப்பட்டது. ஆகவே நிலைமை என்னவாகிறது? ஆகமம் படித்தவன் வெளியே, படிக்காதவன் உள்ளே! இப்படியிருக்க, “ஆகமத்தைக் காப்பாற்றுகிறோம்” என்று சொன்னால் அதை யார் நம்புவது? காப்பாற்றப்படுவது ஆகமமா, பிறப்பா என்று உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள்.

“இதில் ஜாதியே இல்லை, சிவாச்சாரியார் அல்லாத பார்ப்பனர்கள்கூடத் தொட முடியாது” என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் நான் கேட்கிறேன், ஒரு வாசலில் பத்துப் பேரை நிறுத்துவது அக்கிரமம் என்றால், பதினோராவது ஆளையும் சேர்த்து நிறுத்திவிட்டால் அது நியாயமாகிவிடுமா? நிறுத்தப்பட்டவன் யாராயிருந்தாலும், பிறப்பைச் சொல்லித்தானே நிறுத்தப்படுகிறான்?

உங்கள் ஊர்க் கோவிலைப் பாருங்கள்

தீட்டு, புனிதம் என்பதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மை என்பதற்குப் பெரிய புஸ்தகம் புரட்ட வேண்டாம். இந்தச் சீமையில் ஊருக்கு ஊர் அய்யனார் கோவில் இருக்கிறது. மண் குதிரை செய்து வைப்பவர் யார்? குயவர்களான வேளார். பல ஊர்களில் பூசை செய்பவரும் அவரே. கருப்பணசாமிக்கும் மந்தை அம்மனுக்கும் நம் ஜனங்களே பூசாரி. அவர்கள் தொட்டதால் எந்த அய்யனாராவது ஓடிப்போனாரா? எந்தக் கருப்பன் கையில் இருந்த அரிவாளாவது கீழே விழுந்ததா?

பெரிய கோவிலுக்குத்தான் வாருங்கள். மலையில் கல்லை உடைத்தவன் ஒருவன். வண்டியிலேற்றிக் கொண்டு வந்தவன் ஒருவன். உளி பிடித்து, மூக்கும் விழியும் செதுக்கியவன் ஒருவன். இத்தனை பேர் தொட்டுத் தொட்டுத்தான் கல் சாமியாயிற்று. சாமியான பிறகு, செதுக்கியவன் தொட்டால் தீட்டாம்!

1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி, மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட தோழர்களும் நாடார் ஒருவரும் நுழைந்தபோதும், கோவில் கெட்டுப் போயிற்று என்று பட்டர்களில் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள். கோவில் என்ன கெட்டா போயிற்று? இன்றைக்கும் அங்கே கூட்டம் தாங்கவில்லை. அன்று வெளிவாசலில் சொன்ன அதே பேச்சைத்தான் இன்று உள்வாசலில் சொல்லுகிறார்கள். வாசல்தான் மாறியிருக்கிறது.

இது ஒரு மதத்துக்கு மாத்திரம் சொந்தமான வியாதி என்றும் நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கிறிஸ்தவக் கோவிலுக்குள்ளேயே ஜாதிக்கொரு பக்கமாக நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. ஆனால் வேறோர் இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பக்கத்திலுள்ள கேரளத்தில் இதே மாதிரி வழக்கு 2002-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, முறையாகப் படித்தவர் பார்ப்பனரல்லாதவராயிருந்தாலும் பூசை செய்யலாம் என்று தீர்ப்பாயிற்று. 2017-ல் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக் கோவில்களுக்குப் பார்ப்பனரல்லாதார் 36 பேர் தேர்வானார்கள். அவர்களில் ஆறு பேர் தாழ்த்தப்பட்டவர்கள். கேரளத்தில் கெடாத சாமி, தமிழ்நாட்டில் மட்டும் கெட்டுவிடுமா?

நமக்கு ஏன் இந்தக் கவலை?

“சாமி இல்லை என்கிற உங்களுக்கு, சாமிக்குப் பூசை செய்யும் உரிமை எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று அவர்களுக்கு நினைப்பு. ஒருவன் ஓட்டலில் காப்பி குடிக்கிற வழக்கம் இல்லாதவன். அதற்காக, “இன்ன ஜாதியான் உள்ளே வரக்கூடாது” என்று அந்த ஓட்டல் வாசலில் போர்டு தொங்கினால் அவன் பார்த்துக் கொண்டு போகலாமா? காப்பி வேண்டுமா வேண்டாமா என்பது அவன் இஷ்டம். போர்டு இருப்பது அவனுக்கு அவமானம்.

பெரியார் 1969-ல் கருவறைக் கிளர்ச்சி என்று சொன்னது இதற்காகத்தான். அவர் சாமி கும்பிட ஆசைப்பட்டா சொன்னார்? அதன் மேல் கலைஞர் சர்க்கார் 1970-ல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். 1972-ம் வருஷம் மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, பரம்பரை பாத்தியம் போகலாம் என்று ஒரு கையால் கொடுத்து, ஆனால் ஆகமம் சொல்லும் வகுப்பாரைத்தான் நியமிக்க வேண்டும் என்று மறு கையால் வாங்கிக் கொண்டது. மறு வருஷமே பெரியார் மறைந்தார். பிறகு 2006 வரை எத்தனை வருஷம் என்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு

மாணவத் தோழர்களே! நீங்கள் மதப்பாடம் தாராளமாகப் படியுங்கள். ஆனால் புஸ்தகத்தில் உள்ள மதத்தை மட்டும் படித்து, “எல்லா மதமும் அன்பையே சொல்லுகிறது” என்று எழுதி மார்க்கு வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். ஊரில் நடக்கிற மதத்தையும் படியுங்கள். யார் உள்ளே நிற்கிறான், யார் வெளியே நிற்கிறான், யார் சொல்லி நிற்கிறான் என்று நேரில் பார்த்து எழுதிக் கொள்ளுங்கள். அந்த அர்ச்சகர் பள்ளி மாணவர்கள் படித்த பாடத்தில் ஆகமம் ஒரு பாதிதான். மறு பாதியை வாசலில் நின்று காத்திருந்து படித்தார்கள். அந்தப் பாதியைத்தான் உங்கள் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாமல் அவர் விழித்தால் அதுவும் ஒரு பாடம்தான்.

கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்கு அர்ச்சகராக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இஞ்சினியராகட்டும், டாக்டராகட்டும், அதுவே எனக்குச் சந்தோஷம். ஆனால், “நீ எவ்வளவு படித்தாலும் இதற்கு லாயக்கில்லை” என்று சொல்லும் இடம் ஒன்றுகூட இந்த நாட்டில் மிஞ்சக் கூடாது. ஓர் இடத்தில் மிஞ்சினாலும் அதன் நிழல் மற்ற எல்லா இடத்திலும் விழும்.

ஆகவே தம்பி, வீட்டுக்குப் போனதும் அப்பத்தாவிடம் சொல்லு: “படிச்சா மட்டும் போதாதாம் அப்பத்தா, பிறக்கவும் வேணுமாம். உனக்கு அது நியாயமாப் படுதா?” என்று கேள். அவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லு. அதைக் கேட்க நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.